மேசைக் கணினிக்கு எந்த வைஃபை அடாப்டர்?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் தாத்தா காலத்துக் கருங்கல் சுவர்; பின்பக்கமும் மாடியும் பிறகு கட்டியவை. ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் கீழே முன்னறையில் இருக்கின்றன. 100 மெகாபிட் பிளான். மகள் மாடிப் பின்னறையில் மேசைக் கணினியில் ஓசூர் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10. விரல்நுனி அளவுள்ள டாங்கிள் ஒன்றைப் பின்னால் செருகியிருக்கிறோம். அதே அறையில் கைபேசியில் 80, 90 வருகிறது. கணினியில் 20-ஐத் தாண்டுவதில்லை. வீடியோ கூட்டத்தில் குரல் உடைகிறது. ஒரு கடையில் இரண்டு ஆன்டெனா வைத்த 'ஹை பவர்' டாங்கிள் வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் மூவாயிரம் ரூபாய் கார்டைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அதே அறையில் கைபேசிக்கு 80, 90 வருகிறதென்றால், கருங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் கடந்து சிக்னல் மாடிக்கு வந்துவிட்டது. இழப்பு நேர்வது கடைசி ஒரு மீட்டரில், அதாவது கணினியின் இரும்புப் பெட்டிக்கும் அதன் பின்னால் இருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில். ஆகவே நீங்கள் தேட வேண்டியது அட்டைப் பெட்டியில் பெரிய எண் அச்சிட்ட அடாப்டரை அல்ல, அந்த இடுக்கிலிருந்து ஆன்டெனாவை வெளியே எடுத்து வைக்க வழி தருகிற அடாப்டரை. இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கடைக்காரர்கள் சொன்னதில் எது தேவை, எது வீண்செலவு என்பது தெளிவாகிவிடும்.

பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லை. மகளின் ஆண்ட்ராய்டு கைபேசியை வைஃபையில் இணைத்துவிட்டு மொபைல் டேட்டாவை அணையுங்கள். கணினியிலிருந்து டாங்கிளைக் கழற்றிவிட்டு, கைபேசியை அதன் கேபிளால் கணினியோடு இணையுங்கள். (சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள் உதவாது, படங்களைக் கணினிக்கு மாற்றப் பயன்படும் கேபிள் வேண்டும்.) கைபேசி அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால், பெரும்பாலான கைபேசிகள் தாம் வாங்கும் வைஃபையையே கணினிக்குக் கடத்திவிடும். அப்போது உங்கள் கைபேசியே ஓர் அடாப்டர். அதை மேசைமேல் வைத்துவிட்டு ஒருநாள் வேலையை அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். குரல் உடையவில்லை என்றால் வீட்டிலும் குற்றமில்லை, ரவுட்டரிலும் குற்றமில்லை. அடாப்டரை மாற்றினால் போதும். அப்போதும் உடைந்தால் எந்த அடாப்டரை வாங்கினாலும் பயன் இருக்காது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்கு 'பிங்' கட்டளை (பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) கொடுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். பதில் வரும் நேரம் 2, 3, 5 மில்லிநொடி என்று சீராக வந்தால் வைஃபை நலமாக இருக்கிறது. 4, 6, 310, 5, பிறகு பதிலே இல்லை என்று துள்ளினால், குரல் உடைவதற்குக் காரணம் வைஃபைதான். ரவுட்டர்வரை சீராக இருந்தும் கூட்டம் உடைகிறது என்றால் கோளாறு வெளியே இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய விஷயம் அது. வீடியோ கூட்டத்துக்கு 3, 4 மெகாபிட் போதும். உங்கள் மகளுக்கு 20 வருகிறது, இருந்தும் உடைகிறது. அவளுக்குக் குறைவது வேகம் அல்ல, சீர். அடாப்டர் வாங்குகிற பலர் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் துரத்துகிறார்கள்.

இப்போது செருகியிருக்கும் டாங்கிளுக்கு வருவோம். அது '150' என்று போட்டு விற்கும் வகையாகத்தான் இருக்கும். அதற்கு ஒரே ஓர் ஆன்டெனா, அதுவும் நகத்தளவு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். அந்த 150 கூட 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் (அலைவரிசைக்குள் ஒரு தடம்) கிடைத்தால்தான். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவில் எல்லா ரவுட்டர்களும் இந்த மூன்றைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதால், அவை 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கிவிடும். அப்போது உங்கள் டாங்கிளின் உச்ச இணைப்பு வேகம் 72 மெகாபிட். இணைப்பு வேகத்தில் பாதி, நன்றாக இருந்தால் அறுபது விழுக்காடு மட்டுமே உண்மையில் கைக்கு வரும். ஆக, எதிரே ரவுட்டர் இருந்தாலே 40-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். அதை இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததால் 20 ஆகிவிட்டது. டாங்கிள் பழுதில்லை, அதன் எல்லையே அவ்வளவுதான்.

இதில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பாதிப்பு உண்டு. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஏற்றத்தில் திணறினால் பின்னால் வருகிற கார்களும் ஊர்வதைப் போல, மெதுவாகப் பேசும் ஒரு டாங்கிள் அதே அலைவரிசையில் இருக்கும் எல்லாக் கருவிகளின் நேரத்தையும் தின்றுவிடும். மகள் பெரிய கோப்பு அனுப்பும்போது கீழே டி.வி. நின்று நின்று ஓடுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பர்கூரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடை ஒன்றில் கணினி மேசைக்கு அடியில் இருந்தது. பின்பக்கம் சுவரோடு ஒட்டி, ஒரு பக்கம் இரும்பு ரேக், மறுபக்கம் தாள் கட்டுகள். டாங்கிள் பின்புற போர்ட்டில். அந்த இடுக்கில் கைபேசியை வைத்து, சிக்னல் வலிமையைக் காட்டும் இலவசச் செயலியில் பார்த்தபோது மைனஸ் 78 டி.பி.எம். காட்டியது. அதே கைபேசியை மேசைமேல் வைத்தால் மைனஸ் 62. இந்த அளவில் ஒவ்வொரு 3 புள்ளிக் குறைவும் சிக்னலைப் பாதியாக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்: 16 புள்ளி என்றால் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. அந்தக் கடைக்குப் புது அடாப்டர் தேவைப்படவில்லை. நல்ல எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றில் பழைய டாங்கிளையே மாட்டி, ரேக்குக்கு மேலே கொண்டுபோய் டேப் போட்டு ஒட்டியதும் அரசு இணையதளத்தில் படிவங்கள் தடையில்லாமல் ஏறின. மைனஸ் 50-களில் இருந்தால் மிக நன்று; 67 வரை கூட்டங்களுக்குத் தாங்கும்; 75-ஐத் தாண்டினால் தொல்லைதான். உங்கள் கணினியின் பின்னாலும் மேசைமேலும் இதேபோல் அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இனி அட்டைப் பெட்டியின் மேல் இருக்கும் எண்கள். ஏசி, ஏஎக்ஸ் என்பவை வைஃபையின் தலைமுறைப் பெயர்கள், ஏஎக்ஸ் புதியது. ஏசி600 என்பது 2.4-இல் 150 அல்லது 200-ஐயும், 5 ஜிகாஹெர்ட்ஸில் 433-ஐயும் கூட்டி முழு எண்ணாக்கியது. ஏசி1300 என்பது 400-ம் 867-ம். ஏஎக்ஸ்1800 என்பது 574-ம் 1201-ம். ஏஎக்ஸ்3000 என்பது 574-ம் 2402-ம். இந்த வகை அடாப்டர்கள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இயங்கும்; இரண்டையும் கூட்டிய வேகம் எவருக்கும் கிடைக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது 5 ஜிகாஹெர்ட்ஸுக்கான எண்ணை மட்டும், அதிலும் பாதியை. உங்கள் பிளான் 100. ஏசி600-இன் 433-இல் பாதியே 200-ஐத் தாண்டிவிடுகிறது. ஏஎக்ஸ்3000-இன் 2402-க்கு 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் கொடுக்கும் ரவுட்டர் வேண்டும். இணைப்போடு வரும் சாதாரண ரவுட்டர்கள் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை. வேகத்துக்காக என்றால் மூவாயிரம் ரூபாய்க்குத் தேவையே இல்லை. வேறு ஒரு காரணத்துக்காகக் கார்டைப் பற்றி யோசிக்கலாம், அதற்கு வருகிறேன்.

ஏசி600-க்கும் ஏசி1300-க்கும் நடுவே எண்ணைவிடப் பெரிய வேறுபாடு ஆன்டெனாவின் எண்ணிக்கை. முன்னது ஒன்று, பின்னது இரண்டு. சுவர்களில் மோதித் திரும்பும் சிக்னல் ஓர் ஆன்டெனாவில் தேய்ந்து வந்தாலும் மற்றதில் தெளிவாக வரும். ஒருவர் கதவைத் திறந்து மூடுவதற்கெல்லாம் ஒற்றை ஆன்டெனா அடாப்டர் ஆடிப்போகும். இன்றைய கைபேசிகளில் பலவற்றில் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. உங்கள் மகளின் கைபேசி அதே அறையில் 90 எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சீர் வேண்டும் என்பவர்கள் இரண்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரவுட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் உங்கள் வீட்டுப் பெயர் இரண்டு முறை, ஒன்று '5ஜி' என்று முடிவதாக வருகிறதா? அப்படியென்றால் ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. (மொபைல் நிறுவனங்களின் 5ஜி-க்கும் இதற்கும் தொடர்பில்லை.) இரண்டும் ஒரே பெயரில் இருக்கவும் கூடும், அப்போது கைபேசியில் அந்தப் பெயரின் விவரங்களைத் திறந்தால் எந்த அலைவரிசை என்று தெரியும். உங்களுக்கு 90 வருவதால் இருக்கும் என்றே நினைக்கிறேன். 2.4 மட்டுமே உள்ள பழைய ரவுட்டர் வைத்திருப்பவர்கள் விலை உயர்ந்த அடாப்டர் வாங்கி ஏமாற வேண்டாம். ஏசி வகையின் வேகம் 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் கிடைக்கும். அவர்களுக்கு இரண்டு ஆன்டெனா கொண்ட '300' வகையே போதும், அல்லது ரவுட்டரை மாற்றுவது நல்லது.

5 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரை ஊடுருவும் திறன் 2.4-ஐவிடக் குறைவு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று இரண்டைத் தாண்டிவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் ஒன்றரை அடிக் கருங்கல் சுவரைத் தாண்டும்போது திணறும். உங்கள் வீட்டில் சிக்னல் சுவரைத் துளைத்து வருகிறதா, படிக்கட்டு வழியாகச் சுற்றி வருகிறதா என்று கைபேசியோடு நடந்து பார்த்தால் புரிந்துவிடும். பெரும்பாலும் படிக்கட்டு வழிதான். அப்படியானால் மேசையை அறையின் கதவுக்கு நேராக நகர்த்துவதே பாதி வேலையை முடித்துவிடும். நடுவில் இரும்பு பீரோ நின்றால் அதை வேறு சுவருக்குத் தள்ளுங்கள்.

யு.எஸ்.பி. டாங்கிளா, உள்ளே பொருத்தும் கார்டா என்பதுதான் இப்போது கேள்வி. டாங்கிள் எளிது. கணினியைத் திறக்க வேண்டாம், நாளை வேறு கணினியில் செருகிக்கொள்ளலாம். உங்கள் எச்61 மதர்போர்டு சிப்செட்டில் யு.எஸ்.பி. 3.0 இல்லை, 2.0-தான். அதன் உச்சம் 480 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் 300-ஐ ஒட்டி நின்றுவிடும். 100 மெகாபிட் பிளானுக்கு அது தாராளம். ஏசி1300 டாங்கிளை 2.0 போர்ட்டில் மாட்டினால் வீண் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 3.0 போர்ட் உள்ள கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு செய்தி: 3.0 போர்ட்டிலும் அதன் கேபிளிலும் ஓடும் மின்துடிப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சலை உண்டாக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு நகலெடுக்கும்போதெல்லாம் வைஃபை படுத்துவிடுகிறது என்பவர்கள் அடாப்டரை அந்தப் போர்ட்டிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

டாங்கிளோடு எக்ஸ்டென்ஷன் கேபிள் கட்டாயம். ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. மூன்று மீட்டர் மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் இறங்கி, டாங்கிள் நடுநடுவே துண்டித்துத் துண்டித்து வரும். பழைய கேபினட்டுகளின் முன்பக்க போர்ட்களிலும் இதே தொல்லை. பின்பக்கத்தில் மதர்போர்டோடு நேரடியாக இருக்கும் போர்ட்டில் கேபிளை மாட்டி, மறுமுனையை மேசைமேல் கொண்டுவாருங்கள். 'ஹை பவர்' என்ற சொல்லுக்காக அதிகம் கொடுக்காதீர்கள். வைஃபை இருவழிப் பேச்சு. டாங்கிள் உரக்கக் கத்துவதால் ரவுட்டரின் குரல் உங்களுக்கு நன்றாகக் கேட்டுவிடாது.

கார்டு என்பது மதர்போர்டில் இருக்கும் சிறிய பி.சி.ஐ.இ. ஸ்லாட்டில் உட்காரும். உங்கள் போர்டில் அந்தச் சிறிய ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். கார்டில் மின்சாரம் சீராகக் கிடைக்கும், சூடு குறைவு, போர்ட் தளர்ந்து கழன்றுகொள்ளும் பேச்சே இல்லை. நாள் முழுக்கக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு இது நல்லது. நான் சொன்ன வேறு காரணம் இதுதான், வேகம் அல்ல. ஆனால் கார்டுகளில் ஒரு வகை, ஆன்டெனாக்களைக் கணினியின் பின்புறத்திலேயே திருகி நிறுத்துவது. மூவாயிரம் கொடுத்து அதை வாங்கினால், ஆன்டெனா மறுபடியும் அதே இடுக்கில்தான் போய் நிற்கும். காந்தத் தளமும் ஒரு மீட்டர் வயரும் வைத்து, ஆன்டெனாவைத் தனியாக மேசைமேல் வைக்கும்படி வருகிற வகையைக் கேளுங்கள். கடையில் பெட்டியைத் திறந்து வயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த ஒல்லி கேபினட் கணினிகள் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் விலைக்கு நிறைய வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் கார்டு வாங்கும்போது, அதைக் கேபினட்டோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை அரை உயரத்திலும் சேர்ந்து வருகிறதா என்று கேட்க வேண்டும். முழு உயரப் பட்டை உள்ளே நுழையாது. கார்டில் புளூடூத்தும் இருந்தால், அதற்கென்று ஒரு சின்ன வயரை மதர்போர்டின் யு.எஸ்.பி. ஊசிகளில் மாட்ட வேண்டும். அதை மாட்டாமல் விட்டுவிட்டுப் புளூடூத் வேலை செய்யவில்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

ஆன்டெனாவை எப்படி நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெட்டிக்குள் வரும் காகிதத்தில் இது இருக்காது. நீளமான குச்சி ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் சிக்னல் அதன் பக்கவாட்டில்தான் பரவும். நேர் மேலும் நேர் கீழும் பலவீனமாக இருக்கும். 5 டிபிஐ, 8 டிபிஐ என்று ஆன்டெனாவின் திறனைக் குறிக்கும் எண் கூடக் கூட இந்தப் பரவல் இன்னும் தட்டையாகிவிடும். ஒரே தளத்தில் ரவுட்டரும் கணினியும் இருந்தால் அது நன்மை. உங்களுக்கு ரவுட்டர் கீழே, கணினி மேலே. ஆகவே இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள், மற்றதைப் படுக்க வையுங்கள். கீழே ரவுட்டரிலும் வெளி ஆன்டெனா இருந்தால் அதில் ஒன்றையும் படுக்க வையுங்கள். பிங் எண்களைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தால் மாற்றம் கண்முன் தெரியும்.

அடுத்தது சிப். வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது, உங்கள் விஷயத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. உங்கள் மூன்றாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. இந்தக் கணினியை இன்னும் சில ஆண்டு ஓட்ட வேண்டுமென்றால் ஒருநாள் உபுண்டு போன்ற லினக்ஸுக்கு மாற நேரலாம். விண்டோஸில் ஓடுகிற எல்லா அடாப்டரும் லினக்ஸில் ஓடாது. கார்டுகளில் இன்டெல்லின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 (இவை மாடல் பெயர்கள், வேக எண்கள் அல்ல) இரண்டுக்கும் லினக்ஸிலேயே டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது, செருகினால் வேலை செய்யும். டாங்கிள்களில் மீடியாடெக் எம்டி7612யு, எம்டி7921ஏயு சிப் உள்ளவை அப்படியே. ரியல்டெக் சிப்களில் 8812பியு, 8821சியு ஆகியவற்றுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.2 பதிப்பிலிருந்து ஆதரவு வந்துவிட்டது. அதைவிடப் பழைய கெர்னலில் டிரைவரைத் தனியாகத் தேடி ஏற்ற வேண்டியிருக்கும்.

சிப் பெயரைக் கடைக்காரர் சொல்லத் தெரியாமல் விழிக்கலாம். அது அவர் குற்றமல்ல. ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப்பை மாற்றிவிடும் வழக்கம் தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு: முதல் பதிப்பில் ஆதரோஸ் சிப், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எனவே பெட்டியின் பின்புறச் சீட்டில் மாடலோடு பதிப்பு எண்ணையும் பார்த்து, அந்த இரண்டையும் சேர்த்து இணையத்தில் தேடினால் சிப் தெரிந்துவிடும்.

இன்டெல் பெயரைக் கேட்டதும் எதையும் வாங்கிவிடவும் கூடாது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை அதற்கென்றே வசதி செய்யப்பட்ட புதிய இன்டெல் போர்டுகளில் மட்டும் இயங்குபவை. உங்கள் போர்டில் உயிர் வராது. ஏஎக்ஸ்200-க்கு 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். பழைய கணினிகளில் 32 பிட் விண்டோஸ் ஏற்றியிருப்பது நம் ஊரில் சகஜம் என்பதால் 'திஸ் பிசி' பண்புகளில் அதைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 7-இலேயே பில் போட்டுக்கொண்டிருக்கும் மண்டிகளுக்கும் கடைகளுக்கும் இந்தக் கார்டுகள் ஆகாது. விண்டோஸ் 7 டிரைவர் கிடைக்கும் ஏசி வகை டாங்கிள்தான் அவர்களுக்கு. வைஃபை 7, 6இ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதை உங்கள் ரவுட்டரும் அதே வகையாக மாறும்வரை தள்ளிப்போடுங்கள்.

ஆக உங்களுக்கு என் முடிவு: கைபேசிச் சோதனையில் குரல் உடையாமல் வந்தால், வயரோடு கூடிய காந்தத் தள ஆன்டெனா கொண்ட ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கார்டு. மகளின் பிழைப்பு இந்த இணைப்பில் நடக்கிறது, கணினியும் லினக்ஸுக்குப் போகக்கூடும். அதனால் அந்தக் கூடுதல் பணம் தகும். கையைக் கடித்தால், இரண்டு ஆன்டெனா கொண்ட ஏசி1300 டாங்கிளும் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளும் ஏறக்குறைய பாதி விலையில் முடியும். கூட்டத்தில் அவளுக்கு வேறுபாடு தெரியாமலே போகலாம். நகத்தளவு டாங்கிள்களில் எதையும், ஏசி600 நானோ உள்பட, மறுபடி வாங்க வேண்டாம்.

எங்கே வாங்குவது என்றால், கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய் குறையும்தான். ஆனால் சேராமல் போனால் பஸ் ஏறித் திரும்பப் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ, ஒரு வாரத்தில் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதிக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். வைஃபையில் எது பொருந்தும் என்பதை அந்த வீட்டில் மாட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். அந்த வாய்ப்புக்குக் கொடுக்கும் விலை அது.

இனி கைபேசிச் சோதனையிலேயே உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அடாப்டரை மறந்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, ரவுட்டரையும் கணினியையும் நேரடியாக இணைக்கும் லேன் கேபிள். உங்கள் எச்61 போர்டில் லேன் போர்ட் ஏற்கெனவே இருக்கிறது. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். முன்னறையிலிருந்து வெளிச்சுவர் ஓரமாக பி.வி.சி. குழாயில் இழுத்து மாடி ஜன்னல் வழியாக உள்ளே விட்டால் 20, 25 மீட்டரில் முடிந்துவிடும். மின்சார வயர் போகும் அதே குழாயில் மட்டும் விடக்கூடாது. டிரைவர் இல்லை, சேனல் நெரிசல் இல்லை, இடி மின்னல் நேரத்தில் கழற்றி வைத்தால் போதும். கேபிள் இழுக்க முடிந்த வீட்டில் வைஃபை அடாப்டர் விற்க எனக்கு மனம் வராது.

கேபிளுக்கு வழியே இல்லை என்றால், லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் (ரவுட்டரின் சிக்னலை வாங்கி மேலும் கடத்தும் கருவி) ஒன்றைப் படிக்கட்டின் திருப்பத்தில், சிக்னல் இன்னும் மைனஸ் 65-க்குள் இருக்கும் இடத்தில் செருகி, அங்கிருந்து கணினிக்குச் சிறு லேன் கேபிள் விடுங்கள். கணினிக்கு அது கம்பி இணைப்பாகவே தெரியும். விண்டோஸ் 7 ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் டிரைவர் தொல்லை வராது. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் தோட்டத்து வீட்டில் தகரக் கூரை போட்ட தனி அறையில் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தகரத்தைத் துளைத்து வைஃபை வராது. ஜன்னல் ஓரத்தில் பிடித்து உள்ளே கொண்டுபோக வேண்டும்.

பொருத்துகிற அன்று: புது அடாப்டருக்கு டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளாதீர்கள், கைபேசி டெதரிங் அதற்கும் உதவும். டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் இடத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை தொடர்பு அறுகிற வழக்குகளில் பல இதில் தீர்ந்துவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் கைபேசியில் தெரிந்து கணினியில் தெரியவில்லை என்றால், ரவுட்டர் தானாகத் தேர்ந்த சேனலை அடாப்டர் அறியவில்லை என்று பொருள். ரவுட்டர் அமைப்பில் சேனலை 36 என்று நிலையாக வைத்துப் பாருங்கள். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்பதாக மாற்றுங்கள்.

இணைந்ததும் விண்டோஸில் வைஃபை பெயரின் பண்புகளைத் திறந்தால் இணைப்பு வேகமும் அலைவரிசையும் தெரியும். 5 ஜிகாஹெர்ட்ஸ், 300-க்கு மேல் என்று காட்டி, மகளின் இரண்டு மணிநேரக் கூட்டம் ஒன்று ஓடும்போது பிங் எண்கள் துள்ளாமல் இருந்தால் கார்டு பொருந்திவிட்டது. இல்லையென்றால் ஆன்டெனாவை இடம் மாற்றி இரண்டு நாள் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பில்லில் எழுதிய அந்த ஒரு வாரம் முடிவதற்குள் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேபிள் வாங்கி வாருங்கள்.